சுழன்ற சில்லும் ஒலித்த வானொலியும்



வானொலிப் பெட்டியைத் திருகியவுடன் குரல் கேட்பது இன்று நமக்கு இயல்பான செயல். அக்குரலைக் கேட்பதற்காக ஒருவர் துவிச்சக்கரவண்டியின் மிதியைச் சுற்றிக்கொண்டேயிருக்க வேண்டிய காலமொன்று யாழ்ப்பாணத்தில் இருந்தது.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினாற் பெற்றோலும் மின்கலங்களும் அரிய பொருள்களாயின. அயலூரில் நேற்று நடந்தது யாது, நாளை பாதை திறக்குமா என்பனவற்றை அறிய விரும்பியோருக்கு இலங்கை வானொலியும் தமிழோசையும் வெரித்தாசுமே பெருந்துணை. பெட்டி இருந்தது, அதற்கு உயிரூட்ட வழியில்லை.

முதலிற் பழைய மின்கலங்களை வெயிலிற் காயவைத்துப் பார்த்தனர். உப்புநீர் ஊற்றியும் பார்த்தனர். அவை சிறிது நேரம் உயிர்பெற்று மடிந்தன. பின்னர் வண்டி விளக்கின் டைனமோமீது கண் சென்றது. அச்சிறு கருவி ஏறத்தாழ 6 வோற்று மின்னைத் தரும். நான்கு மின்கலங்கள் சேர்ந்து தருவதும் 6 வோற்றே. ஆயினும் டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். ஆகவே பழுதடைந்த பெட்டிகளிலிருந்து இருவாயிகளையும் கொள்ளளவிகளையும் கழற்றியெடுத்து இடையிற் பொருத்தினர். வண்டியை நிறுத்திவைத்துச் சில்லைச் சுழற்ற, வானொலி பேசிற்று!

மெதுவாகச் சுற்றினாற் குரல் தேய்ந்துவிடும். செய்தி வேளையில் எங்கள் முற்றத்தில் அயலவர் கூடுவர். சுற்றும் பணி என்போன்ற இளைஞருக்குரியது. முக்கியமான செய்தி வரும்போது சுற்றுபவன் தன்னை மறந்து கையை நிறுத்திவிடுவான், செய்தியும் நின்றுவிடும். அதற்காகப் பெரியவர்களிடம் நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமன்று.

ஜாம் போத்தலுக்குட் சிறு திரியிட்டுச் சொட்டு மண்ணெண்ணெயில் இரவெல்லாம் படித்ததும், சில துளி பெற்றோலால் மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து, இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டியதும், பத்திரிகைகள் அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சேறியதும் அக்காலத்துச் செய்திகளே.

இல்லாமையே இவற்றையெல்லாம் படைத்தது என்பாருடன் நான் முழுவதும் உடன்படேன். மருந்துக்கும் அன்று பெருந்தட்டுப்பாடு நிலவியது. நீரிழிவு நோயாளருக்கு வேண்டிய இன்சுலினை எந்தக் கைவினைஞராலும் முற்றத்திலிருந்து ஆக்க முடியவில்லை. அவ்வில்லாமை உயிர்களைக் கொண்டதேயன்றி எதனையும் படைக்கவில்லை. டைனமோவின் கதை வேறு. வீட்டுக்கு வீடு துவிச்சக்கரவண்டி இருந்தது. சந்திக்குச் சந்தி அதைத் திருத்துவோர் இருந்தனர். ஆடலோட்டம், நேரோட்டம் என்பனவற்றைத் தாய்மொழியிலேயே பாடசாலையிற் கற்ற மாணவரும் இருந்தனர். தடை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே சேர்ந்திருந்த செல்வம் இது. தட்டுப்பாடு அதனைச் செலவழிக்கச் செய்தது, அவ்வளவே.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாய் இடம்பெயர்ந்தபோது, அதே வண்டிகளே மூட்டைகளையும் முதியோரையும் சுமந்தன. தென்மராட்சியில் ஒரு மாமரத்தின்கீழ்ப் பாரத்தை இறக்கிவைத்தோம். முதியவரொருவர் கேட்டார்: “தம்பி, டைனமோவைக் கழற்றாமற் கொண்டுவந்தாயா?” கொண்டுவந்திருந்தேன். அன்றிரவும் சில்லைச் சுற்றினோம்.