அதிட்டானம்: ஒரு சொல்லும் மூன்று பொருளும்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் குன்றில், ஏழடிப்பட்டம் என வழங்கும் இயற்கைக் குகைத்தளத்தில், சமணத் துறவியர்க்கெனத் தலையணை போன்ற மேட்டுடன் செதுக்கி வழவழப்பாக்கிய கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் பெரியதை ஒட்டித் தமிழ் பிராமியில் வெட்டப்பட்ட, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய கல்வெட்டு, எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த துறவி ஒருவர்க்குச் சிறுபோசில் இளையர் செய்தளித்த இருக்கையை 'அதிட்டானம்' என்னும் சொல்லால் சுட்டுகிறது. எருமிநாடு மைசூர்ப் பகுதி என்பது ஆய்வாளர் கொள்கையாதலால், வடமேற்கிலிருந்து வந்த துறவியும் அவரை ஆதரித்த தமிழூராரும் ஒரே வரியில் நிற்கின்றனர்.

'அதிட்டானம்' என்னும் சொல்லுக்கு மூலம் 'மேல் நிற்றல்' என்னும் கருத்துடைய வடசொல் அதிஷ்டானம். 'ஷ்ட' என்பது 'ட்ட' ஆவது பிராகிருத இயல்பு. சமணர் வழங்கிய மொழியும் பிராகிருதமே. எனவே இச்சொல் ஏடுகளின் வழியாக அன்றித் துறவியரோடு நடந்தே தமிழுக்கு வந்தது எனக் கொள்வது பொருந்தும். கரூரை அடுத்த புகளூரில் பொன்வாணிகனும் எண்ணெய் வாணிகனும் அளித்த படுக்கைகளுக்கும் இதே பெயர்தான்.

கற்றளிகள் (கற்கோயில்கள்) எழுந்த காலத்தில் இச்சொல் கட்டடக் கலைக்குரியதாயிற்று. விமானத்தின் சுவரைத் தாங்கும், உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என அடுக்கப்படும் அடித்தளமே அதிட்டானம். கொடும்பாளூர் மூவர் கோயிலை இருக்குவேள் மரபுக் குறுநில மன்னன் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் தன் தேவியர் பெயராலும் எடுப்பித்தான். மூன்றாம் விமானம் அழிந்துபோக, அதன் அதிட்டானம் மட்டுமே இன்று எஞ்சியுள்ளது. அவ்விடத்துக் கல்வெட்டு, மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகத் துறவிக்கு (காளாமுகர் சைவத்தின் ஒரு கடுந்துறவுப் பிரிவினர்) மடம் அளித்ததையும் கூறுவதால், சமணர்க்குக் கிடைத்த ஆதரவு சைவத் துறவியர்க்கும் இம்மண்ணில் தொடர்ந்தமை தெளிவாகிறது.

மூன்றாம் பொருள் துறவியின் சமாதி. துறவியர் உடலை எரிக்காமல் புதைத்து அதன்மேல் எழுப்பும் வழிபாட்டிடம் இப்பெயர் பெறும். கரூருக்கருகே நெரூரில் துறவி சதாசிவ பிரம்மேந்திரர்க்கு அதிஷ்டானம் உண்டு. திருவரங்குளக் காட்டில் அவர் புதுக்கோட்டை மன்னர் விசயரகுநாதராயத் தொண்டைமானுக்கு (ஆட்சி 1730-1769) மணலில் எழுதி உபதேசித்தார் என்பதும், அம்மணல் அரண்மனையில் வைத்துப் பூசிக்கப்பட்டது என்பதும் புதுக்கோட்டை மரபு.

இப்பொருளில் மக்கள் நாவில் 'ஷ்' ஒலி மாறாமல் நிற்பது கவனத்துக்குரியது. சித்தன்னவாசல் சொல் தேய்ந்தோ திரிந்தோ இப்பொருளை அடையவில்லை. வைதிகத் துறவு மரபினர் அதே மூலத்தை வடமொழியிலிருந்து நேரே இரண்டாம் முறை கொணர்ந்தனர் என்பதையே அவ்வொலி காட்டுகிறது. முன்னது துறவி உயிரோடு தங்கிய கல். பின்னது அவர் மறைந்தபின் எழுந்த கல். புதுக்கோட்டை நகரில் புவனேசுவரி அம்மன் கோயிலோடு இணைந்துள்ள ஜட்ஜ் சுவாமிகள் என்னும் துறவியின் அதிஷ்டானம், இப்பின்னைய வழக்கை இன்றும் நாள்தோறும் பேசப்படும் சொல்லாக வைத்திருக்கிறது.