கத்திப்பிடியும் கானகமும்: வன்னியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

செப்பேடுகளும் கல்வெட்டுகளும் வரலாற்றுச் சான்றுகளாகப் போற்றப்படுமளவுக்கு அன்றாடப் புழங்குபொருட்கள் போற்றப்படுவதில்லை. எலும்பாலும் தந்தத்தாலும் செதுக்கிய பிடிகளையுடைய பழங்கத்திகளையும் முள்ளுக்கரண்டிகளையும் சேகரிப்போர் பல நாடுகளில் உளர். ஆயின் அவர்தம் கவனம் பெரும்பாலும் வேலைப்பாட்டின் அழகோடும் பழைமையோடும் நின்றுவிடுகின்றது. பிடிக்குரிய பொருள் எந்நிலத்தது, அதனைக் கையாண்டோர் யாவர் என வினவுமிடத்தே சேகரிப்பு வரலாறாகின்றது. யானைக்காடாக விளங்கிய வன்னிப் பெருநிலம் இவ்வினாக்களை எழுப்புதற்கு ஏற்ற களமாகும்.

முதற்கண் பொருளை அறியும் வகையை நோக்குவோம். எலும்பின் மேற்பரப்பில் குருதிநாளங்கள் ஓடிய நுண்துளைகள் கரும்புள்ளிகளாகவும் சிறு கோடுகளாகவும் தோன்றும். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டிலோ ஒன்றையொன்று ஊடறுக்கும் வளைகோடுகள் காணப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தந்தத்தைப் போன்ற செலுலோயிட் பிடிகளும் புழக்கத்திற்கு வந்தன. அலகும் காலத்தை உணர்த்தும். இங்கிலாந்தின் செபீல்ட் நகரில் ஹரி பிரியர்லி 1913 இல் துருவேறா உருக்கை உருவாக்கிய பின்னரே அவ்வகை அலகுகள் பரவின. ஆகவே அத்தகைய அலகுடைய கத்தியை அதற்கு முற்பட்டதெனக் கொள்ளலாகாது. பழைய பிடியிற் புதிய அலகு பொருத்தப்பட்டிருத்தலும் கூடும்.

இலங்கையைப் பொறுத்தவரை, தந்தத்தாலும் கொம்பாலும் பிடியமைத்து வெள்ளியும் பித்தளையும் பதித்த கண்டிக் கத்திகள் புகழ் பெற்றவை. அக்கைவினை மரபினைக் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விரிவாகப் பதிவு செய்தார். 1917 இல் அவர் பொஸ்ரன் நுண்கலை அரும்பொருளகத்திற் பணியேற்றபோது அவரது சேகரிப்பும் அங்குச் சென்றது. கண்டிக் கலைக்கு வாய்த்த இத்தகைய பதிவு வன்னியின் புழங்குபொருட்களுக்கு வாய்க்கவில்லை.

வன்னியின் பங்கு வேறு வகையானது. 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658 இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தரும் வன்னியரிடமிருந்து யானைகளைத் திறையாகக் கோரினர். அவ்யானைகள் ஆனையிறவின் வழியே குடாநாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டு, இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. இலங்கை ஆண்யானைகளுள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றிற்கே தந்தம் உண்டு. ஆதலின் கொம்பன் யானை விலைமிக்கதாயிற்று. இவ்வணிகம் உயிருள்ள யானையின் வணிகமாதலின், அரும்பொருளகங்களிலுள்ள தந்தப்பிடிகள் வன்னிக்குரியவை எனத் துணிதல் பொருந்தாது. ஆயினும் அரசவையையும் பட்டறையையும் குறிக்கும் பெயர்ச்சீட்டுகள் காட்டையும் பணிக்கரையும் குறிப்பதில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. அவர்களை நினைவிற் கொண்டது வாய்மொழி மரபே. மதயானையை அடக்கிய அரியாத்தையின் கதை வன்னி மக்களிடையே இன்றும் வழங்குகின்றது.

தமிழர் மரபில் இப்பொருளுக்கு நெருங்கிய உறவுடையது மடக்கெழுத்தாணியாகும். ஒருபுறம் எழுதும் ஊசியும் மறுபுறம் ஓலை வாரும் கத்தியும் மடங்கி அடங்கும் இக்கருவிக்கு மரம், எலும்பு, கொம்பு, தந்தம் முதலியவற்றாற் பிடியமைத்தனர். மேலைநாட்டு மேசைக்கத்தி விருந்தின் தகுதியைக் காட்டியதெனின், எழுத்தாணி கல்வியின் தகுதியைக் காட்டியது. ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்த நாம், அவற்றை எழுதிய கருவிகளை அதே ஆர்வத்தோடு தேடினோமல்லேம்.

இக்குறை இன்று பெருங்கவலைக்குரியது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதி மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தபோது வீட்டுப் பொருட்களைக் கைவிட்டுச் சென்றனர். பொன்னையும் உறுதிகளையும் எடுத்துச் செல்ல முயன்றவருக்குப் பாட்டன் கைக்கத்தியை எடுக்க நேரமேது? எஞ்சியவற்றைத் தொகுத்தல் விலைக்கு வாங்கிக் குவிக்கும் முயற்சியாதல் கூடாது. பன்னாட்டுத் தந்த வணிகம் 1990 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. 2016 சனவரியில் இலங்கை அரசு கைப்பற்றிய தந்தங்களைக் கொழும்பு காலிமுகத்திடலிற் பகிரங்கமாக அழித்தது. பழம்பொருளுக்கு உயர்ந்துசெல்லும் விலை இன்னொரு யானையின் உயிருக்கு விலையாகிவிடலாகாது.

எனவே பொருளை உரியவரிடமே விட்டு, அதன் படத்தையும் அளவையும், அதனைப் பயன்படுத்தியவர், வழங்கிய பெயர், வந்த வழி ஆகியவற்றையும் பதிவுசெய்தலே மாணவர்க்குரிய பணியாகும். வன்னியைத் தாயகமாகக் கொண்ட மாணவர் அடுத்த விடுமுறையில் தத்தம் வீட்டு முதியோரிடமிருந்தே இதனைத் தொடங்கலாம். காம்பு கழன்ற ஒரு கத்தியும், அதைப் பற்றி ஒரு பாட்டி கூறும் நான்கு சொற்களும், பெயரற்றுக் கிடக்கும் அழகிய தந்தப்பிடியினும் மேலான வரலாற்றுச் சான்றுகளாம்.