போடி மலைப்பாதையும் இரண்டு ரயில்களும்

சற்று நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

இப்போதெல்லாம் சனி, ஞாயிறுகளில் முந்தல் சாலையில் சைக்கிள் பிள்ளைகளைப் பார்க்க முடிகிறது. சைக்கிளின் முன்னும் பின்னும் பை, கூடாரம், தண்ணீர்ப் புட்டி. போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறிவிடுகிறார்கள். அங்கிருந்து பன்னியாறு ஓடும் பூப்பாறை, பிறகு மூன்று ஆறுகள் கூடும் மூணாறு, பிறகு குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன். மூன்று, நான்கு நாள் பயணம். பாராட்ட வேண்டிய முயற்சிதான். ஆனால் இதை "ஆளே போகாத பாதை" என்று அவர்கள் எழுதும்போதுதான் வாத்தியார் புத்தி சும்மா இருக்க மறுக்கிறது.

ஆள் போகாத பாதையா? முதுவர்கள் மதுரையிலிருந்து மீனாட்சியம்மனை முதுகில் சுமந்துகொண்டு இந்த மலைக்கு ஏறினார்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. முதுகில் சுமந்ததால் முதுவர். கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒரு குலத்தின் பெயரே சுமையோடு மலையேறியதைச் சொல்கிறது என்றால், பாதை எவ்வளவு பழையது என்று யோசியுங்கள்.

மூணாறு வரலாறு என்று எதை எடுத்தாலும் 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்ததில்தான் தொடங்கும். 1880இல் ஏ.எச். ஷார்ப் பார்வதி எஸ்டேட்டில் தேயிலை போட்டார் என்று அடுத்த வரி வரும். சரி, அந்தத் தோட்டங்களில் வேலை செய்யும் ஆட்களும், அவர்களுக்கு அரிசியும் எங்கிருந்து போயின? பெரும்பகுதி நம் பக்கத்திலிருந்துதான். கங்காணி ஆள் சேர்த்துக் கூட்டிப்போவார். கோட்டகுடி ஆற்றை ஒட்டிக் குரங்கணி வரை நடை, அதற்கு மேல் செங்குத்து ஏற்றம். போடி சுமார் 350 மீட்டர் உயரம். டாப் ஸ்டேஷன் 1,700 மீட்டருக்கும் மேலே. இந்த வித்தியாசத்தைக் கியர் இல்லாமல், செருப்பும் இல்லாமல், தலைச்சுமையோடு ஏறினார்கள்.

இனி அந்தப் பெயருக்கு வருகிறேன். மலை உச்சியில் ஏது ஸ்டேஷன் என்று பலரும் கேட்பதுண்டு. உண்மையிலேயே இருந்தது. 1902இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக ஒற்றைத் தண்டவாள ரயில் போட்டார்கள். சின்னச் சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஓடும். பெரிய சக்கரம் பக்கத்தில் தரையில் உருளும். இழுத்தது எஞ்சின் அல்ல, மாடு! 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலப் பாதை அமைத்து நீராவி எஞ்சின் ஓட்டினார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வந்து சேரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் கீழே கோட்டகுடிக்கு இறங்கும். அதுதான் பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து போடிக்குப் பதினைந்து கிலோமீட்டர் மாட்டுவண்டி.

1924 ஜூலையில் பெருவெள்ளம். மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்றே சொல்கிறார்கள். குண்டளை ரயில் அதோடு போயிற்று. மறுபடி போடவே இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "டாப் ஸ்டேஷன் ரயிலில் வந்த தேயிலை போடியில் அடுத்த ரயில் ஏறிக் கப்பலுக்குப் போனது" என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். மதுரை–போடி ரயில் வந்தது 1928இல். மேலே ரயில் அழிந்து நான்கு ஆண்டுகள் கழித்து! இந்த இரண்டு ரயில்களும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. அதுவரை நம் பகுதிக்குப் பக்கத்து ரயில் நிலையம் அம்மையநாயக்கனூர், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு. பெரியாறு அணைக்கான தளவாடங்களும் அங்கே இறங்கித்தான் வண்டியில் வந்தன. ஆக, அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் வண்டிக்காரர்களும் சுமைகூலிகளும். எஞ்சினைப் பற்றி எழுதியவர்கள் இவர்களை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டார்கள்.

1956 நவம்பர் 1இல் தேவிகுளம், பீர்மேடு கேரளத்தோடு நின்றன. தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட போராட்டம் தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். அதன்பின் நம் பாட்டன்மார் போய்வந்த மலை, செக்போஸ்ட் தாண்டிப் போகும் ஊர் ஆனது. ஆனாலும் விடியற்காலையில் சோற்றுவாளியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் இன்றும் அதே மலையைத்தான் ஏறுகிறார்கள். போடியில் ஏலம் போகும் ஏலக்காய்க்குப் பின்னால் அந்தக் கைகள் இருக்கின்றன. அவர்கள் போகும் வளைவுகளில் ஜீப் கவிழ்ந்த செய்தி வந்தால் இரண்டு நாள் பேசுவோம்.

சைக்கிள் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சென்னையிலிருந்து வருகிறவர்கள் இப்போது ரயிலிலேயே போடியில் வந்து இறங்கலாம். அகலப்பாதைக்காக 2010 இறுதியில் நிறுத்திய ரயில், 2023 ஜூனில் போடிக்குத் திரும்பிவிட்டது. ஆனால் டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் பழைய நடைபாதையில் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். 2018 மார்ச் 11 காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்களை இழந்த மலை அது. கோடையில் அந்தப் புல் எப்படிப் பற்றும் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேளுங்கள்.

கோட்டகுடி, குரங்கணி, முந்தல் பக்கத்து உறவுகளே, கம்பிவடத்தில் வேலை பார்த்தவர்கள், அரிசி மூட்டை சுமந்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள் உங்கள் வீட்டில் யாராவது உண்டா? தாத்தா பெயர், எந்த எஸ்டேட், என்ன கூலி, தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன்.