படைத்துறை மிகை லாரிகளைப் பேணுதல்

படைத்துறை மிகை லாரிகளைப் பேணுதல் என்பது, முப்படைகளும் பணியிலிருந்து நீக்கி ஏலத்தில் விற்கும் லாரிகளைத் தனியார் வாங்கிப் பழுது நீக்கி, ஓடும் நிலையில் வைத்துக்கொள்ளும் பொழுதுபோக்கு ஆகும். தமிழ்நாட்டில் இவ்வண்டிகள் 'டிஸ்போசல் வண்டி' அல்லது 'மிலிட்டரி வண்டி' என அழைக்கப்படுகின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது பரவலான பொழுதுபோக்கு ஆகும். அமெரிக்காவில் இதற்கென ஒரு பாதுகாப்புச் சங்கம் 1976 இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் ஜீப், ஜோங்கா போன்ற சிறு வண்டிகளுக்குக் கிடைத்த ஆர்வலர்கள் லாரிகளுக்கு அவ்வளவாகக் கிடைக்கவில்லை. இடவசதி, எரிபொருள் செலவு ஆகியவற்றோடு சட்ட நிலையும் இதற்குக் காரணமாகும்.

வரலாறு

இரண்டாம் உலகப்போரின் போது கனடாவில் போர்டு, செவ்ரோலெட் நிறுவனங்கள் பொதுநலவாயப் படைகளுக்காக 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகளைச் செய்தன. குறுகிய மூக்கும் சரிந்த முகமும் கொண்ட இவை பிரித்தானிய இந்தியப் படையிலும் பயன்பட்டன. அதே காலத்தில் அமெரிக்காவில் ஜி.எம்.சி. நிறுவனம் இரண்டரை டன் லாரிகளை ஏறத்தாழ 5.6 இலட்சம் எண்ணிக்கையில் உருவாக்கியது. போர் முடிந்தபின் மிகையான வண்டிகள் விற்கப்பட்டன. வண்டித் தட்டுப்பாடு நிலவிய காலமாதலால் வாங்கியவர்கள் அவற்றைச் சரக்கு லாரிகளாகவும் பேருந்துகளாகவும் மாற்றினர். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரத்தடி இழுக்கவும் அவை பயன்பட்டன. எனவே இந்தியாவில் இவ்வண்டிகளைப் பழுது பார்க்கும் கலை பிழைப்பாகவே தொடங்கியது. பொழுதுபோக்கு என்பது பிற்காலத்தது.

இராணிப்பேட்டை மாவட்டத்தில் நெமிலிக்கு அருகிலுள்ள அரக்கோணத்திலும் அப்போர்க்காலத்தில் வானூர்தித் தளம் ஒன்று இருந்தது. 1992 இல் அங்கு இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி தளம் நிறுவப்பட்டது.

இந்திய லாரிகள்

விடுதலைக்குப் பின் செய்யப்பட்டவற்றில் முதன்மையானது சக்திமான். செருமனியின் எம்.ஏ.என். நிறுவன உரிமத்தின் கீழ் 1959 இல் ஜபல்பூர் படைத்துறை ஆலையில் இதன் உற்பத்தி தொடங்கியது. பின்னர் 1969 இல் அதே நகரில் நிறுவப்பட்ட வாகனத் தொழிற்சாலைக்கு மாற்றப்பட்டு, 1996 வரை தொடர்ந்தது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்புடைய இவ்வண்டி 1965, 1971 போர்களில் பணியாற்றியது. நிசான் உரிமத்தின் கீழ் வந்த ஒரு டன் வண்டியும் ஜோங்காவும் ஏறத்தாழ 4 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரே வகை ஆறு உருளை பெட்ரோல் எஞ்சினைக் கொண்டவை. ஆதலால் ஒன்றின் உதிரியை மற்றொன்றில் பொருத்த இயலும். இது ஆர்வலர்களுக்குப் பெரும் வசதி.

சக்திமானுக்குப் பின் வந்த அசோக் லேலண்ட் நிறுவனத்தின் ஸ்டாலியன், தமிழ்நாட்டினருக்குப் பழுது பார்க்க எளிது. லேலண்ட் மெக்கானிக் இல்லாத ஊர் இங்கு அரிது. ஜபல்பூர் தொழிற்சாலை 2021 முதல் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு நிறுவனமொன்றின் கீழ் இயங்குகிறது.

பழுது நீக்கலும் பராமரிப்பும்

ஏலத்தில் வரும் வண்டி பெரும்பாலும் பல ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் நின்றதாகவே இருக்கும். ஓடித் தேய்ந்த வண்டியைவிட நின்று கெட்ட வண்டியே அதிகத் தொல்லை தரும். எடுத்தவுடன் ஸ்டார்ட் செய்ய முயல்வது புதியவர்கள் செய்யும் முதற் பிழை. உருளைக்குள் பிஸ்டன் வளையங்கள் துருப்பிடித்து ஒட்டியிருக்கக்கூடும். டீசல் எஞ்சினாயின் நாசில்களைக் கழற்றி, ஒவ்வோர் உருளையிலும் சிறிது மெல்லிய எண்ணெய் விட்டு, சில நாட்கள் ஊறவிட்டபின் கையால் சுழற்றிப் பார்ப்பதே முறை. தொட்டியின் அடியில் தேங்கிய நீரையும் துருவையும் அகற்றாமல் விட்டால் எரிபொருள் பம்பு கெடும். பம்பைச் சீரமைக்கும் செலவு சிலவேளை வண்டியை வாங்கிய விலையை நெருங்கிவிடும்.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆகவே நின்ற வண்டியின் சக்கர உருளைகள் உட்புறம் அரித்துக் குழிவிழுந்திருக்கும். இவற்றின் ரப்பர்க் கிண்ணங்களை மட்டும் மாற்றுவது போதாது. உருளையையே மாற்ற வேண்டும், அல்லது லேத் பட்டறையில் குடைந்து உள்ளுறை பொருத்த வேண்டும்.

பழைய லாரிச் சக்கரங்கள் பலவற்றில் டயரைப் பிடித்திருப்பது தனியே கழலும் ஓர் இரும்பு வளையம் ஆகும். அது சரியாக அமராத நிலையில் காற்றடித்தால் வளையம் குண்டுபோல் தெறிக்கும். இதனால் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும். சாலையோரப் பஞ்சர் கடைகளில் இக்கூண்டு இல்லையெனில் வேறு கடை தேடுவது நல்லது.

முன் அச்சை வேண்டும்போது இணைக்கும் வகை வண்டிகளில், தார்ச்சாலையில் அதை இணைத்தபடி ஓட்டக்கூடாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தொலைவு செல்வதால் பற்சக்கரங்கள் முறுக்கேறி உடையும். மண்ணில் சக்கரம் சற்று வழுக்குவதால் இம்முறுக்கு தானே தளர்ந்துவிடும்.

உதிரிகளுக்கு வட தமிழ்நாட்டினர் நாடும் பெரிய சந்தை சென்னைப் புதுப்பேட்டை. அங்கும் கிடைக்காதவற்றை மாதிரி வைத்துக் கடைந்து செய்துகொள்வர். பழைய காற்றடிக்கும் பம்புகளில் உள்ள கிண்ண வடிவத் தோல் வாஷரும் இவ்வாறே. பட்டை கொண்டு பதனிட்ட தோலே அதற்கு ஏற்றது. ஆவாரம் பட்டையால் பதனிடும் மரபுடைய வேலூர், ஆம்பூர்ப் பகுதிகளில் அத்தகைய தோல் அறியாத பொருளன்று.

எஞ்சினை மாற்றுவது பற்றி ஆர்வலர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நிசான் பெட்ரோல் எஞ்சின் மிகுதியாக எரிபொருள் குடிப்பதால் பலர் டீசல் எஞ்சின் பொருத்துகின்றனர். தூய்மைவாதிகள் இதை ஏற்பதில்லை. ஓடாத மூல எஞ்சினைவிட ஓடும் மாற்று எஞ்சின் வண்டியைக் காப்பாற்றும் என்பதும் உண்மையே. கழற்றிய எஞ்சினை எடைக்குப் போடாமல் வைத்திருந்தால் பின்னாளில் மீட்க வழியிருக்கும்.

சட்ட நிலை

படை வண்டியின் எண் தகட்டில் மேல்நோக்கிய அம்புக்குறியும், அதையடுத்து வண்டி சேர்க்கப்பட்ட ஆண்டின் இரண்டு இலக்கங்களும் இருக்கும். ஏலத்தில் எடுத்தவர் அந்த எண்ணைப் பயன்படுத்த இயலாது. ஏல ஆவணங்களைக் காட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரங்கள் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எஞ்சின் மாற்றத்துக்கும் இது பொருந்தும். ஆவணம் இல்லாத வண்டி, எவ்வளவு நன்றாக ஓடினாலும், சாலைக்கு வர இயலாது.

1989 ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121 ஆம் விதி, பாதுகாப்புத் துறை வண்டிகள் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை நிறம் பூசலாகாது என்கிறது. ஆகவே பிற நாடுகளில் மீட்பின் இறுதிக் கட்டமாகிய மூல நிறம் பூசுதல் இந்தியாவில் இயலாது. இங்கு மீட்கப்பட்ட சக்திமான் நீலமாகவோ மண்ணிறமாகவோதான் சாலையில் செல்ல முடியும்.

2021 இல் தொன்மை வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு முறை வந்தது. 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் எண் வழங்கப்படுகிறது. ஆனால் இது இருசக்கர வண்டிகளுக்கும் பயணிகள் கார் வகைக்கும் மட்டுமே உரியது. சரக்கு வண்டி வகை இதில் சேர்க்கப்படவில்லை. 1960களில் செய்யப்பட்ட கார் ஒன்று தொன்மை வாகனமாக மதிக்கப்பட, அதே ஆண்டின் சக்திமான் தகுதிச் சான்று பெறவேண்டிய பழைய லாரியாகவே கருதப்படுகிறது.

ஏப்ரல் 1, 2023 முதல் 15 ஆண்டுகள் கடந்த அரசு வண்டிகளின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அவை உரிமம் பெற்ற உடைப்பு நிலையங்களில் உடைக்கப்பட வேண்டும். நாட்டின் பாதுகாப்புக்கான கவச வண்டிகள் முதலிய சிறப்பு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. அரசு வண்டிகளை ஏலத்தில் எடுத்துப் பேணும் வழக்கத்துக்கு இவ்விதி எதிரானது. 1996 உடன் உற்பத்தி நின்றுவிட்ட சக்திமானைப் பொறுத்தவரை, தனியார் கைகளில் ஏற்கனவே உள்ள வண்டிகளே எஞ்சும்.