சுன்னாகத்து மண்ணும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் ஓடிக் கோடையில் வற்றிவிடும். ஆதலின் அந்நாட்டுக் கமக்காரனுக்குக் கிணறே ஆறும் குளமுமாயிற்று. துலாவிட்டு இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் விளைவித்த மண் அது. அச்செம்மண்ணின் கீழே சுண்ணாம்புக்கல். கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் மழைநீர் தங்குகின்றது. அதற்கும் கீழே கடல்நீர். கனமான உவர்நீரின்மேல் நன்னீர் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்பதனாலேயே அங்கு குடியிருப்பு நிலைத்தது எனலாம்.

இத்தகைய நிலத்திலேதான் எண்ணெயால் இயங்கும் சுன்னாகம் மின்நிலையம் அமைந்தது. பிற்காலத்தில் நொதேர்ண் பவர் என்னும் தனியார் நிறுவனமும் அவ்விடத்தில் மின்சாரம் உற்பத்தி செய்தது. அயலிலே வாளியை இறக்கியவர்கள் நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மினுங்கக் கண்டனர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014ஆம் ஆண்டுகளில் 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றுள் 109 கிணறுகளில் எண்ணெயும் கொழுப்பும் அனுமதிக்கப்பட்ட அளவை விஞ்சியிருந்தன.

அந்த எண்ணெய் எவருடையது? பழைய மின்நிலையக் காலத்திலும் போர்க்காலத்திலும் சிந்தியதே என்றொரு வாதம் எழுந்தது. இவ்வகை வழக்கிலே மண்ணும் சாட்சி சொல்லும். குழி அகழ்ந்து, படை படையாக மண்ணெடுத்து, கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி, குளிரில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவர். பிளாஸ்டிக் போத்தல் ஆகாது; எண்ணெய்ச் சேர்வைகள் அதில் ஊறிவிடும். ஆய்வுகூடத்தில் கரைப்பான் கொண்டு எண்ணெயைப் பிரித்து அதன் கூறுகளை அளப்பர். புதிய டீசலில் நேர்ச்சங்கிலிச் சேர்வைகள் மிகுந்திருக்கும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றையே முதலில் உண்ணும். கிளைத்த சேர்வைகள் எஞ்சி நிற்கும். இவ்விரண்டின் விகிதம் எண்ணெய் எவ்வளவு பழையதென ஓரளவுக்குக் காட்டிக்கொடுக்கும். திட்டமாக ஆண்டைச் சொல்லிவிடும் என்று நம்புதல் தவறு.

வேறு நாடுகளில் மாசுற்ற மண்ணை வெட்டியெடுத்து அகற்றுவதுண்டு. சுன்னாகத்திலோ மண்ணை அகழ்ந்தாற் போதாது. மண்படை ஆழமற்றது, எண்ணெய் கல்லின் வெடிப்பில் நுழைந்துவிட்டால் மண்வெட்டி அங்கே செல்லாது. நீரிலும் இலேசான எண்ணெய் நிலத்தடி நீர்மட்டத்தில் மிதந்து, மாரியில் ஏறியும் கோடையில் இறங்கியும் சுற்றியுள்ள கல்லில் ஒட்டிக்கொள்ளும். இன்று தெளிந்த கிணறு அடுத்த மழைக்குப்பின் மீண்டும் மணப்பதற்கு இதுவே காரணமாகலாம்.

2015 சனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் மின்னுற்பத்தியை நிறுத்தக் கட்டளையிட்டது. சுற்றாடல் ஆர்வலர் ரவீந்திர காரியவசம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். 2019 ஏப்பிரல் 4ஆந் திகதி தீர்ப்பு வந்தது. மாசுக்கு அந்நிறுவனம் பொறுப்பாளி என நீதிமன்றம் கண்டு, கிணறு கெட்ட 500 பேர்வரைக்கு மொத்தம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. ஒருவருக்கு ஆகக்கூடியது 40,000 ரூபா.