மருத்துவ நடத்தை விதிகள்
இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் வகுத்த நடத்தை விதிகளின் உயிர்நாடி, மருந்துச் சீட்டு என்ற ஒரு துண்டுத் தாள்தான். அதில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும். உள்நோயாளியின் ஆவணங்களை 3 ஆண்டு காக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பனமரத்துப்பட்டியிலிருந்து மேல்சிகிச்சைக்குச் சேலம் போகிறவர், முன்பு கொடுத்த மருந்து, அளவு, ஒவ்வாமை எல்லாவற்றையும் இந்தத் தாள்களில்தான் காட்ட முடியும். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் சீட்டைத் தெளிவாக எழுத நேரமேது என்பார்கள் மருத்துவர்கள். நியாயம்தான், ஆனால் பதிவு எண்ணுக்கு ஒரு ரப்பர் முத்திரை போதும். மருந்தின் பெயரைக் கிறுக்காமல் எழுதச் சில நொடிகள் கூடும். மருந்துக்கடைக்காரர் ஊகித்து எடுத்துத் தருவதைவிட அந்தத் தாமதம் மேல். விதிகளை மீறினால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. இவற்றுக்குப் பதிலாக 2023இல் வந்த புதிய விதிகள் வந்த மாதத்திலேயே நிறுத்திவைக்கப்பட, பழையவையே மீண்டும் நடைமுறைக்கு வந்தன.