அடைத்த கதவுகளுக்கு முன்னால் எழுந்த சங்கம்

1904 நவம்பரில் நியூயார்க் சிட்டி கல்லூரியில் ஏழு மாணவர்கள் கூடி ஃபை எப்சிலான் பை என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் கிளைவிட்டு வளர்ந்த அந்தச் சங்கம் 1970இல் தன் பெயரைக் கைவிட்டு, ஸீட்டா பீட்டா டௌ என்ற மற்றொரு சங்கத்தோடு கலந்துவிட்டது. ஒரு சங்கம் மறைந்தால் நிர்வாகம் கெட்டிருக்கும், பணம் வற்றியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். இங்கே நடந்தது வேறு. எந்தக் குறையைப் போக்க ஃபை எப்சிலான் பை பிறந்ததோ அந்தக் குறை பெருமளவு நீங்கியதால்தான் அது மறைந்தது என்று கருதுகிறேன்.

கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொண்ட மாணவர் சகோதர சங்கங்கள் அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றியவை. யூனியன் கல்லூரியின் கப்பா ஆல்ஃபா சங்கம் 1825இல் தோன்றியது. ரகசிய உறுதிமொழி, மார்பில் சின்னம், சேர்ந்து தங்கி உண்ண ஒரு வீடு என்று தொடங்கிய இந்த வழக்கம், 1900 வாக்கில் கல்லூரி வாழ்வின் அச்சாகவே ஆகிவிட்டது. யாரோடு பழகுவது, எந்த விருந்துக்குப் போவது, படிப்பு முடிந்ததும் யாருடைய அலுவலகக் கதவைத் தட்டுவது என்பதெல்லாம் இந்தச் சங்கங்களின் வழியாகத்தான் முடிவாயின. அவற்றில் பெரும்பாலானவை யூதர்களைச் சேர்க்கவில்லை. சில சங்கங்கள் தங்கள் விதியிலேயே வெள்ளைக் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று எழுதி வைத்தன. மற்றவை எழுதாமலே அதைக் கடைப்பிடித்தன. 1895இல் யேல் பல்கலைக்கழகத்தில் மத வேறுபாடு பாராத சங்கமாகப் பை லாம்ப்டா ஃபை எழுந்ததும் இதற்கான பதிலாகத்தான். கட்டணமில்லாமல் கல்வி தந்த சிட்டி கல்லூரியில் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் திரளாகப் படித்தார்கள். அங்கே பிறந்த ஃபை எப்சிலான் பையும் எந்த மதத்தவரும் சேரலாம் என்ற கொள்கையையே ஏற்றது. வந்து சேர்ந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் யூதர்கள். வேறு இடத்தில் கதவு திறந்திருந்தவர்களுக்கு இங்கே வர வேண்டிய தேவை இருக்கவில்லை.

1920களில் கதவுகள் இன்னும் இறுகின. ஹார்வர்டில் 1900இல் சுமார் 7 விழுக்காடாக இருந்த யூத மாணவர் பங்கு 1922க்குள் 21 விழுக்காட்டைத் தாண்டியது. அதன் தலைவர் லோவெல் 15 விழுக்காட்டு உச்சவரம்பு வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். அந்தத் திட்டம் அப்படியே ஏற்கப்படவில்லை; ஆனால் 'குணநலன்' பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்ற பெயரில் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. இந்தச் சூழலில் ஃபை எப்சிலான் பை போன்ற சங்கங்களின் வீட்டை வெறும் கேளிக்கை இடமாகப் பார்ப்பது பிழை. யூதர் என்றால் அறை தர மறுத்த ஊர்களில் அது தங்குமிடம். தொழிலுக்கும் திருமணத்துக்கும் அறிமுகம் கிடைத்த இடம். தொலைவில் மகனை அனுப்பிய பெற்றோருக்கு ஆறுதல். 1930களில் ஜெர்மனியில் நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி வந்த மாணவர்களுக்கு யூத மாணவர் சங்கங்கள் உணவும் இடமும் தந்து படிக்கவைத்தன. அவற்றின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பக்கம் இது.

அவர்களும் ஆள் பார்த்துத்தானே சேர்த்தார்கள் என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. ஜெர்மானிய வழி யூதர்கள், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் என்ற ஏற்றத்தாழ்வு யூதச் சங்கங்களுக்குள்ளும் இருந்தது. உரத்துப் பேசாதே, பகட்டாக உடுத்தாதே, வெளியார் கண்ணுக்கு உறுத்தாமல் இரு என்று இளைஞர்களுக்குப் பாடம் நடத்தினார்கள். விலக்கியவர்களின் அளவுகோலையே விலக்கப்பட்டவர்களும் கையில் எடுத்தது வருத்தம் தருவது. ஆனாலும் இந்தச் சங்கங்கள் வெளியே இருந்த தடையைப் பார்த்தே வடிவெடுத்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

தடை தளர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1949இல் சகோதர சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பே பாகுபாட்டு விதிகளை நீக்கும்படி உறுப்புச் சங்கங்களுக்குப் பரிந்துரைத்தது. 1953இல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் பாகுபாட்டைத் தடைசெய்ததோடு, தேசிய அமைப்புகளோடு இணைந்த சமூகச் சங்கங்களையே தன் வளாகங்களிலிருந்து விலக்கியது. அந்தத் தடை யூதச் சங்கங்களையும் சேர்த்தே பாதித்தது. 1954இல் யூதச் சங்கமான ஸீட்டா பீட்டா டௌ தன் விதிகளிலிருந்து மதவரம்பை எடுத்துவிட்டது. தங்களுக்குப் பிடித்த எந்த வீட்டிலும் சேர வாய்ப்புக் கிடைக்கத் தொடங்கியதும், யூத இளைஞர்கள் தந்தையர் காலத்துச் சங்கங்களை மட்டுமே நாட வேண்டிய கட்டாயம் குறைந்துபோனது.

1960களின் மாணவர் கிளர்ச்சியும் வியட்நாம் போர் எதிர்ப்பும் எல்லாச் சகோதர சங்கங்களையுமே ஆட்டம் காணச் செய்தன, ஃபை எப்சிலான் பையும் அதில் விழுந்த ஒன்று என்பார்கள். 1970 என்ற ஆண்டை மட்டும் பார்த்தால் அது சரியாகவே தோன்றும். ஆனால் ஃபை ஆல்ஃபா என்ற யூதச் சங்கம் ஃபை சிக்மா டெல்டாவோடு இணைந்தது 1959இல். கப்பா நூ என்ற மற்றொரு யூதச் சங்கம் ஃபை எப்சிலான் பையோடு இணைந்தது 1961இல். வளாகங்கள் கொந்தளிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தக் கரைதல் தொடங்கிவிட்டது; கிளர்ச்சி அதை விரைவுபடுத்தியது, அவ்வளவே. யூதச் சங்கமான ஆல்ஃபா எப்சிலான் பை இன்றும் இருக்கிறதே என்றால், யூத அடையாளத்தைப் பேணுவதையே அது தன் நோக்கமாக வைத்துக்கொண்டது. மதம் பாராத நட்பு என்பதை நோக்கமாகக் கொண்ட ஃபை எப்சிலான் பைக்கு, அந்த நட்பு மற்ற வீடுகளிலும் கிடைக்கத் தொடங்கிய பிறகு தனித்துச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு கறுப்பின மாணவர் சங்கங்களிலிருந்து வருகிறது. 1906இல் கார்னெலில் தொடங்கிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவும் விலக்கலை எதிர்கொண்டுதான் பிறந்தது. சட்டத் தடைகள் நீங்கிய பின்னும் அது வலுவோடு நிற்கிறது. அப்படியானால் தடை விலகினால் சங்கம் கரையும் என்ற என் வாதம் பொய்யா? இல்லை என்றே நினைக்கிறேன். 1964ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைகள் சட்டத்துக்குப் பிறகும் யூதர்களுக்குத் திறந்த வேகத்தில் கறுப்பினத்தவருக்குக் கதவுகள் திறக்கவில்லை. அதோடு அந்தச் சங்கங்கள் இளங்கலைப் படிப்போடு முடிபவை அல்ல. பட்டதாரிக் கிளைகள் வழியாக வாழ்நாள் முழுதும் தொடர்பவை. மார்ட்டின் லூதர் கிங் 1952இல் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவில் சேர்ந்தபோது பாஸ்டனில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஃபை எப்சிலான் பையின் உயிர் வளாகத்து வீட்டோடும் இருபது வயதோடும் பெரிதும் கட்டுண்டிருந்தது. அந்த வயது இளைஞர்களுக்கு வேறு வீடுகள் கிடைத்ததும் அதைத் தனியாகத் தாங்கிப்பிடிக்க ஆளில்லாமல் போயிற்று.